ஐந்தெழுத்து

வாசல் தகரப் பலகையில்
"அகதிகள்" என்பதை அழித்துவிட்டு
"மறுவாழ்வு" என்று எழுதச் சொன்னார்
வருவாய் ஆய்வாளர்.
"முகாம்" அப்படியே இருக்கட்டும்,
அதைத் தொட வேண்டாம் என்றார்.

மேஸ்திரி சென்னிமலையின் ஆட்களில்
எழுத்து வளைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.
சத்தி, கோபி, புளியம்பட்டி வரை
எத்தனையோ வீட்டு நெற்றிகளில்
"உழைப்பு", "மாரியம்மன் துணை", "மஞ்சள் இல்லம்".
யாரிடமும் பத்திரம் கேட்காமல்
சொந்த வீடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
என் வீடு பத்துக்குப் பத்து.
அதற்குப் பெயர் இல்லை, எண் உண்டு.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து
ஒரு கோட்டு வெள்ளை அடித்தேன்.
காயக் காய
உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது அ.
பின்னாலேயே தி.
பழைய சிவப்பு லேசில் அடங்காது.
இன்னொரு கோட்டு வேணுங்க என்றேன்.

புங்கமர நிழலில் உட்கார்ந்தோம்.
இந்த வருசம் அணையில் தண்ணீர் இல்லை,
முங்கிய ஊரின் கோயில் கல்கூரை
எருமை முதுகு போல வெளியே கிடந்தது.
"அதுக்குக் கெழக்காலதானுங்க எங்க களம்.
தண்ணி உடறோம்னு நோட்டீசு கொடுத்தாங்க,
ஏக்கருக்கு இவ்வளவுன்னு எண்ணிக் கொடுத்தாங்க."
நோட்டீசு கொடுத்துவிட்டு வரும் வெள்ளம்!
பேசாலையில் எங்களுக்கு வந்தது
கறி கொதிக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை.
பதினொரு வயதில் நான் கொண்டுவந்தது
ஒரு கொம்பாஸ் பெட்டி. கவராயம் இல்லாமல்.

அண்ணன் பிலேந்திரன் திரும்பிப் போனபோது
சென்னையில், ஐ.நா. அலுவலகத்தில் ஒரு பெண்
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாளாம்:
யாராவது போகச் சொன்னார்களா?
மிரட்டினார்களா?
நீங்களாகத்தான் போகிறீர்களா?
அண்ணன் பதில் சொல்லாமல் அழுதிருக்கிறான்.
முப்பது வருசத்தில்
விருப்பமா என்று கேட்ட முதல் ஆள் அவள்.

ஜெனீவாவில் எழுதிய தாள் ஒன்று இருக்கிறதாம்.
உயிருக்குப் பயந்து வந்தவனை
அந்தப் பயத்திடமே பிடித்துக் கொடுக்காதே என்று.
இந்த நாடு அதில் கையெழுத்துப் போடவில்லை.
ஆனாலும் உள்ளே விட்டது, அரிசி தந்தது,
பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டது.
கைமாத்து மாதிரி.
கொடுத்தவர் நல்லவர்தான்;
நாளைக்கு யாராவது கேட்டால்
எடுத்துக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

அந்தத் தாளுக்குத் தெரிந்த பேர் ஒன்றே ஒன்று.
அதைத்தான் காலையிலிருந்து
இன்னொரு தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

மகள் ஜெருஷாவுக்கு இந்தச் சொல் ஆகாது.
கல்லூரி பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாலேயே
இறங்கி நடந்து வருவாள்.
பிறந்தது சத்தி ஆஸ்பத்திரியில்,
ஆனால் விண்ணப்பத்தில் "குடியுரிமை" வந்தால்
பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.
"நல்லா அழிங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்
தண்ணீர்க்குடத்தோடு போனாள்.

இரண்டாம் கோட்டு.
பென்சில் கோடு. நூல். தூரிகை.
ம. று. வா. ழ். வு.
ஐந்து போன இடத்தில் ஐந்து, இடம் கச்சிதம்.
"அஞ்செழுத்துன்னா எங்களுக்கு வேறயுங்க"
என்று திருநீற்றைத் தொட்டுச் சிரித்த மேஸ்திரி
"முப்பது வருசமா ஒறம்பரையாவே இருக்கறீங்களே" என்றார்.

ஒறம்பரை.
இங்கே வந்து நான் கற்ற சொல்.
விருந்தாளிக்கும் அதுதான், சொந்தக்காரனுக்கும் அதுதான்.
எதை நினைத்துச் சொன்னார் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பலகையின் ஓரத்தில் பெயரும் போன் நம்பரும்
போடுவது வழக்கம். இதில் போடவில்லை.

மேற்கு வெயில் சாய்ந்து விழுந்தால்
வெள்ளைக்கு அடியில் இன்னும் தெரிகிறது
தி-யின் கொக்கி.

நாளைக்கு செக்கிங்.
ஒன்பது மணிக்கு இந்தப் பலகைக்குக் கீழேதான் வரிசை.
அதற்குள் காய்ந்துவிடும்.
எமில் என்று கூப்பிடுவார்கள்,
உள்ளேன் என்று சொல்ல வேண்டும்.